நொய்க் கஞ்சி கொண்டுவந்த ஆயாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

வெள்ளம் சூழ்ந்த அந்தப் பத்து நாளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, திருத்துறைப்பூண்டிப் பக்கம் எல்லோரும் அதே தண்ணீரில்தான் நின்றோம். நேற்று மதியம் வனத்துறைக்காரர்கள் வந்து, நான் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்ட மரநாய்க்குட்டி இரண்டையும் கை ஒடிந்த குரங்கையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். திண்ணை வெறிச்சென்று கிடக்கிறது. செவலை நாய் மட்டும் வாசலில் படுத்து வாலாட்டுகிறது. இந்த ஈரம் காய்வதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

செவலை பிழைக்கும் என்று நான் நம்பவே இல்லை. நாய்களுக்கு வரும் பார்வோ வைரஸ் நோய். ரத்தமாகக் கழிந்து, குடித்த தண்ணீரும் தங்காமல் துவண்டு கிடந்தது. வாந்தி நின்ற பிறகு, கால்நடை மருத்துவர் போனில், "இனி கொஞ்சம் கொஞ்சமா கஞ்சி கொடுங்க, பால் வேணாம், வெங்காயம் பூண்டு கூடவே கூடாது" என்றார். சரி, கஞ்சிக்கு எங்கே போவது? எங்கள் அரிசி மூட்டை நனைந்து புளித்த வாடை அடித்துக்கொண்டிருந்தது. போனுக்குச் சிக்னல் பள்ளிக்கூடத் திண்ணையில்தான் கிடைக்கும் என்பதால் நான் பேசியதை அங்கே தங்கியிருந்த எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் தெற்குத் தெருக் கடைசி வீட்டு ஆயா முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார், தலையில் சட்டி, மேலே வாழையிலை. அதுவரை அவரிடம் நான் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். நொய்யும் பாசிப்பருப்பும் பரங்கிக்காயும் குழைய வேகவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, உப்புப் போடாமல் கொண்டுவந்திருந்தார். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தார், பச்சைப்பிள்ளைக்குப் பார்ப்பதுபோல. "படுக்க வச்சு ஊத்தாத தம்பி, புரையேறிடும்" என்று செவலையை நிமிர்த்தி மடியில் சாய்த்துக்கொண்டார். ஊசி கழற்றிய சிரிஞ்சில் கடைவாய் ஓரமாக 5 மில்லி விட்டேன். அப்புறம் கால் மணி நேரம் காத்திருந்து இன்னொரு 5 மில்லி. நாலாவது தடவை அதுவாகவே நாக்கை நீட்டி நக்கியது.

"நொய் ஏது ஆயா?" என்று கேட்டேன்.

"கோழிக்குஞ்சுக்கு வச்சிருந்தது தம்பி. பானை பரண்ல இருந்ததால நனையல. குஞ்சுதான் ஒண்ணும் மிஞ்சல."

அவ்வளவுதான் சொன்னார். ஆறு நாள் காலையும் மாலையும் வந்தார், மரநாய்க்குட்டிகளுக்குப் பூவம்பழம் பிசைந்து கலந்து, குரங்குக்குக் கேழ்வரகுக் கஞ்சி தனியாக.

ஒன்று சொல்லிவிடுகிறேன், கஞ்சி எல்லா வாய்க்கும் ஆகாது. பக்கத்து வீட்டுக் கன்றுக்கும் மிச்சக் கஞ்சியை ஊற்றப்போன என்னைத் தடுத்தவர் ஆயாதான். அசைபோடும் வயிற்றில் அரிசி நிறையப் போனால் புளித்து அமிலம் கூடி உயிருக்கே ஆபத்து வந்துவிடும், மாட்டுப்பொங்கலுக்குப் பொங்கலை வாரிக் கொடுத்து மாட்டை இழந்தவர்களுக்கு இது தெரியும். மானுக்கும் இதேதான்.

ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் போனை எடுத்த மருத்துவர், கடனுக்குச் சலைனும் சிரிஞ்சும் தந்த மெடிக்கல் அண்ணன், காய்ந்த சாக்கு கொடுத்த ரைஸ்மில்காரர், டார்ச் பிடித்த பையன்கள், தகவல் சொன்ன நாளிலிருந்து தினமும் விசாரித்து, பாதை திறந்ததும் வந்துவிட்ட வனத்துறைக்காரர்கள், எல்லோருக்கும் என் நன்றி. காட்டு உயிரை வீட்டில் வைத்திருக்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது என்பதால் எனக்கிருந்த பயத்தையும் அவர்கள்தான் போக்கினார்கள்.

2018இல் கஜா புயல் அடித்தபோது கோடியக்கரை வெளிமான்கள் செத்துக் கிடந்ததைக் கேட்டு நான் உச்சுக்கொட்டியதோடு சரி. இனி ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பானை நொய் இருக்கும்.

ஆயா, உங்கள் சட்டி இங்கேதான் இருக்கிறது, கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வெறுஞ்சட்டியாகத் தர மனசு வரவில்லை. குஞ்சு விற்கிறவர் வரட்டும், சட்டி நிறைய நொய்யோடும் ஒரு கூடைக் குஞ்சோடும் வருகிறேன்.