பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். 2012-ல் நான் பி.காம் சேர்ந்தபோது அப்பா ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். அந்த வருஷம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, செப்டம்பர் 17-ல்தான் தண்ணீர் விட்டார்கள். குறுவை போடாத வருஷத்தில் சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிய பொருள் அது. 2018-ல் கஜா புயல் அடித்த இரவு அதை உரச்சாக்கில் சுற்றிக் குதிருக்குள் இருந்த நெல்லோடு வைத்தோம். ஓடு பறந்து வீடெல்லாம் நனைந்தது. அது மட்டும் நனையவில்லை.

இப்படிப்பட்டதைத்தான், மெதுவாக ஓடுகிறது என்று கொண்டுபோனபோது ஒரு சர்வீஸ் கடையில், "அக்கா, இதுல பிராசஸர்லாம் மாத்த முடியாது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். திறந்துகூடப் பார்க்கவில்லை. (பிராசஸர் என்பது லேப்டாப்பின் மூளை மாதிரியான சிப்.) 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திவிட்டதாலும், அடுத்து வந்த விண்டோஸ் 11 பழைய லேப்டாப்புகளில் முறைப்படி ஏறாததாலும் இப்போது பலருக்கும் இதே பதில்தான் கிடைக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் லேப்டாப்பில் இருந்தது இன்டெல்லின் செலரான் பி800 பிராசஸர், வேகம் 1.5 கிகாஹெர்ட்ஸ்தான். நெல் வரத்துக் கணக்கில் ஒரு மூட்டை எண்ணைத் திருத்தினால் மொத்தம் மாறுவதற்குள் லாரிக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிடுவார். பத்து நிமிஷத்துக்கு மேல் வேலை செய்தால் சூடேறித் தானாக அணைந்துவிடும். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் சித்தப்பா மகன்தான், இந்த வகை பிராசஸர் போர்டோடு ஒட்டியதல்ல, சாக்கெட் என்ற பொருத்துமிடத்தில் உட்காருவது, கழற்றலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னான். அதே சாக்கெட்டில், அதே 35 வாட்டில் ஓடக்கூடிய, இன்னும் வேகமான கோர் ஐ5 2520எம் பிராசஸர் ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் பழையதாக 800 ரூபாய்க்கு வாங்கி வந்தான்.

அறுவடை முடிந்து ஆலை கொஞ்சம் ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்க்ரூ விழுந்தால் தெரிய வேண்டும் என்று அப்பாவின் வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்தோம். தினசரி காலண்டர் தாளின் பின்புறம் லேப்டாப்பின் படத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் டேப் போட்டு ஒட்டினேன். பேட்டரியைத்தான் முதலில் எடுத்தோம். உள்ளே பார்த்தால், ஃபேனுக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவே உமித்தூசி கம்பளி மாதிரி அடைத்துக் கிடந்தது. பிராசஸரின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பேஸ்ட், பதிமூன்று வருஷத்தில் காய்ந்த சுண்ணாம்பாகி உதிர்ந்தது. சாக்கெட்டின் ஓரத்தில் ஒரே ஒரு ஸ்க்ரூ, பக்கத்தில் பூட்டுப் படம். அரைச் சுற்றுத் திருப்பியதும் பிராசஸர் தானாகத் தளர்ந்து கையோடு வந்துவிட்டது. அடியில் 988 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் போச்சு. மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் அடையாளத்தோடு பொருத்தி வைத்தால் அழுத்தவே வேண்டாம், அதுவாக உட்காரும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, ஒரு நெல் அளவு புதுப் பேஸ்ட் வைத்தோம். பொத்தானை அமுக்கிய பிறகு சில நொடி திரை கறுப்பாகவே இருந்தது. தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் வெளிச்சம் வந்தது.

இப்போது மொத்தம் கண்ணெதிரே மாறுகிறது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். தானாக அணையும் கோளாறு தூசியை எடுத்ததிலும் பேஸ்ட் மாற்றியதிலுமே போய்விட்டது, அதற்குப் பிராசஸர் தேவைப்பட்டிருக்காது. லேப்டாப் திறக்கும் வேகத்தைக் கூட்டியது, கூடவே மாட்டிய எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்). கையில் பணம் குறைவு என்றால் முதலில் எஸ்எஸ்டி, அடுத்து ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்), அதற்கப்புறம்தான் பிராசஸர் என்று சொல்வேன். சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டது என்பதற்காக எந்தப் பிராசஸரும் ஓடிவிடாது, போர்டின் சிப்செட்டும் (துணைச் சிப்) பயாஸும் (லேப்டாப்பை எழுப்பும் மென்பொருள்) அதை ஏற்க வேண்டும். நான்கு கோர் ஐ7 ஆசை எனக்கும் இருந்தது. அது 45 வாட், இந்தச் சின்ன ஃபேன் தாங்காது என்று விட்டுவிட்டோம். விண்டோஸ் 11 இதில் முறைப்படி ஏறாது, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டிருக்கிறேன். கணக்கும் தமிழ்த் தட்டச்சும் குறையில்லாமல் நடக்கின்றன.

எல்லா லேப்டாப்பிலும் இது நடக்காது. அந்தக் காலத்து மாடலிலேயே பெயர் யூ என்று முடியும் பிராசஸர்கள் போர்டோடு சாலிடர் செய்து ஒட்டியவை. எம் என்று முடிந்தாலும் சிலவற்றில் ஒட்டியிருப்பார்கள், திறந்து பார்த்தால்தான் தெரியும். 2013-ல் வந்த நான்காம் தலைமுறையோடு லேப்டாப் சாக்கெட்டையே இன்டெல் நிறுத்திவிட்டது. பல மெல்லிய மாடல்களில் இப்போது ராமையும் சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். ராம் போனால் போர்டையே மாற்று என்பார்கள். டிராக்டருக்கு ஒரு பேரிங் போனால் இன்ஜினையே மாற்று என்று யாராவது சொன்னால் நம் ஊரில் ஒத்துக்கொள்வார்களா?

தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது கைக்கணினி தருவதாக அறிவித்தது. நல்ல காரியம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள், அடுத்த லேப்டாப்புக்குப் பத்து வருஷம்கூட ஆகும். பிராசஸரைக் கழற்றும்படி கேட்க இனி வழியில்லை, சரி. ராம், டிஸ்க், பேட்டரி மூன்றும் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி மாட்டக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று இனி வரும் டெண்டர்களிலாவது ஒரு வரி சேர்க்கும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். எதை எதை மாற்றலாம் என்று ஒரு தாளில் தமிழில் அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்தால், கடைக்காரர் "முடியாது" என்று சொல்லும்போது அந்தப் பிள்ளை அதை எடுத்துக் காட்டும்.

இப்படிக்கு,
வாசகி, நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்