வள்ளுவர் யாரையும் மாடு என்று திட்டவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் 400ஆவது குறளுக்கு விளக்கம் வந்திருந்தது. 'மாடல்ல மற்றை யவை' என்பதற்கு, 'படித்தவன் மாடு அல்ல, படிக்காதவர்களே மாடுகள்' என்று போட்டிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அங்கே மாடு என்றால் செல்வம். கல்வி ஒன்றே அழியாத செல்வம், மற்றவை செல்வமே அல்ல என்கிறார் வள்ளுவர். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரும் மணி, பொன் முதலானவற்றைத்தான் அந்த 'மற்றையவை' என்கிறார். கல்லாதவரை விலங்கோடு ஒப்பிடுவது 410ஆவது குறள். தமிழ் படித்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சங்க காலத்தில் போர் தொடங்கியதும் முதலில் எதிரியின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையைத்தான் கவர்ந்தார்கள். காரணம், அன்று அதுதான் சொத்து. லத்தீனிலும் பணத்தைக் குறிக்கும் பெக்கூனியா, கால்நடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். அவ்வளவு தூரம் ஏன்? எங்கள் காங்கேயம் பக்கம் பெண் கேட்டு வந்தால், பேச்சு முடிவதற்குள் பெரியவர் ஒருவர் எழுந்து கட்டுத்தரைப் பக்கம் போய்விட்டு வருவார். என் அக்காவுக்குச் சம்பந்தம் பேசியபோதும் அப்படித்தான். வந்தவர் சாம்பல் நிற மயிலைப் பசுவின் திமிலைத் தடவினார், வாயைத் திறந்து பல் பார்த்தார், அப்புறம்தான் வந்து தாம்பூலத்தில் கை வைத்தார்.

உங்கள் பத்திரிகைக்கு மாடு என்றாலே இளக்காரம். 'பசு குட்டி போட்டது' என்று ஒருமுறை செய்தி. பசு கன்று ஈனும் என்று எழுதத் தெரிந்தவர் ஒருவர்கூடவா அலுவலகத்தில் இல்லை? போன பொங்கலுக்கு மயிலைப் பசுவோடு சிவப்புக் கன்று நிற்கும் படத்தைப் போட்டு, 'கலப்பினக் கன்று' என்று எழுதினீர்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும் ஐயா. மாதங்கள் போகப் போகத்தான் நிறம் மாறி மயிலையாகும். அன்றே விவரமாகக் கடிதம் போட்டேன். பிரசுரிக்க வேண்டாம், கிடைத்தது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். பரம்பரையாக ஓரினத்தைக் கலப்பில்லாமல் காப்பாற்றி வருகிறவனுக்கு அந்தப் படவிளக்கம் எப்படி வலிக்கும் என்று யாராவது நினைத்தீர்களா?

சரி, அதெல்லாம் போகட்டும். வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், குறளுக்கு மட்டும் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். என் பேத்தி உங்கள் விளக்கத்தை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். பேப்பரில் வந்தால்தான் அதை அடித்துத் திருத்துவேன் என்கிறாள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
காங்கேயம் வட்டம்.