காய வைத்தால் சாகும் விதை

ஸ்காட்லாந்து, மேற்குக் கரை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் என்ன மரம் வைத்திருக்கிறேன் என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். ஒரே வரியில் பதில் எழுத மனம் வராததால் விரிவாகவே எழுதுகிறேன்.

அதன் தாவரவியல் பெயர் அரௌகேரியா அரௌகானா. இவ்வூரார் ‘மங்கி பசில்’ என்கிறார்கள். இதில் ஏறுவது குரங்குக்கே புதிராக இருக்கும் என்று 1850ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தின் கார்ன்வால் தோட்டம் ஒன்றில் ஒருவர் சொன்னதிலிருந்து அந்தப் பெயர் வந்ததாம். கிளை முழுவதும் செதில் செதிலாக, கூர் முனையுடன், தோல் போன்ற தடித்த இலைகள். ஓர் இலை பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட உதிராமல் நிற்கும். களை எடுக்கும்போது தடித்த தோல் கையுறை இல்லாமல் கன்றின் அருகே கையைக் கொண்டுபோக முடியாது.

சிலி, அர்ஜென்டினா நாடுகளின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில், எரிமலைச் சாம்பல் மண்ணில், பனிப்பொழிவுக்கு நடுவே வளரும் மரம் இது. அங்குள்ள மாபுச்சே மக்கள் இதைப் பெவென் என்பார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்குப் பெவென்சே என்ற பெயரே இம்மரத்தால் வந்தது. கொட்டையை அவித்தும், சுட்டும், மாவாக்கியும் அவர்கள் உணவாகக் கொண்டிருக்கிறார்கள். இங்கே கோடை குளிர்ச்சியானது. வாதுமையும் வால்நட்டும் முற்றுவதற்கு வேண்டிய வெப்பம் கிடைப்பது அரிது. இந்த மரமோ கோடை வெயிலை எதிர்பார்ப்பதில்லை. நிறைந்த மழை, உப்புக் கடற்காற்று, உறைபனி மூன்றையும் தாங்கும். அதனால்தான் இந்த மண்ணுக்குரிய கொட்டை மரம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அதை முளைக்க வைக்க எனக்கு மூன்று இலையுதிர் காலங்கள் ஆயின. முதல் ஆண்டு, சாலையோரத் தோட்டத்தில் தனியாக நின்ற பெரிய மரத்தடியில் ஒரு பை நிறையப் பொறுக்கினேன். அத்தனையும் பதர். பனையைப் போலவே இதிலும் பெரும்பாலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மகரந்தத்தைக் காற்றுதான் கொண்டுவர வேண்டும். சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய செல்வந்தர்கள் இதை அழகுக்காக ஒற்றை மரமாகவே பல தோட்டங்களில் நட்டுவிட்டுப் போனார்கள். துணையற்ற பெண் மரம் கூம்பு விடும், கூம்பு உடைந்து கொட்டைகளும் விழும், உள்ளே பருப்பு இருக்காது.

இரண்டாம் ஆண்டு, ஆணும் பெண்ணும் சேர்ந்து நிற்கும் பழைய தோட்டம் ஒன்றைத் தேடிப் பிடித்து, உரிமையாளரின் அனுமதியுடன் 20 கொட்டைகள் கொண்டு வந்தேன். ஒவ்வொன்றும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளம், கையில் கனத்தன. விதையை நன்றாகக் காய வைத்துத்தான் எடுத்து வைக்க வேண்டும் என்று சிறு வயதில் நீங்கள் சொல்லிக்கொடுத்ததை நினைவில் கொண்டு, கணப்பு அருகே இரண்டு வாரம் உலர்த்தினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. ஈரம் போனால் உயிரும் போய்விடும் விதை இது. நெல்லைப் போல அல்ல, பலாக்கொட்டையைப் போல. அந்தப் பலாக்கொட்டைப் பாடத்தையும் நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள். எனக்குத்தான் உரிய நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் ஆண்டு 12 கொட்டைகளை விழுந்த வாரத்திலேயே ஈர மணலில் பொதிந்து, குளிர்காலம் முழுவதும் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்திருந்தேன். பிறகு கூர்முனை கீழே இருக்கும்படி, பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாகச் சாய்த்து ஊன்றினேன். முதலில் வேர் இறங்குகிறது. அதற்குப் பிறகுதான் தண்டு எழுகிறது. ஆகவே ஆழமான தொட்டி அவசியம். ஒன்பது முளைத்தன. இரண்டை எலி தின்றது, ஒன்று தண்ணீர் தேங்கி அழுகியது, ஆறு தங்கின. அழுகியதைக் கண்ட பிறகுதான், இந்தச் சரிவில் முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி, மேட்டின் மேல் நடுவது என்று முடிவு செய்தேன். மழை எவ்வளவு பெய்தாலும் குறையில்லை, வேரடியில் நிற்கத்தான் கூடாது.

ஏன் ஆறு என்று கேட்பீர்கள். காய்ப்புக்கு வரும் வரை ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதற்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகும். ஆறும் ஒரே பாலாக அமைந்துவிடும் வாய்ப்பு 32இல் 1. அந்த அளவு துணிச்சல் போதும் என்று தோன்றியது. ஓர் ஆண் மரம் பல பெண் மரங்களுக்குப் போதுமாம்.

1795இல் கப்பல் மருத்துவரும் தாவரவியலாளருமான ஆர்ச்சிபால்ட் மென்சீஸ் இந்த மரத்தைப் பிரிட்டனுக்குக் கொண்டு வந்தார். சிலியில் விருந்துத் தட்டில் வைக்கப்பட்ட கொட்டைகளில் சிலவற்றை எடுத்துவைத்துக் கப்பலிலேயே விதைத்தார் என்று சொல்லப்படுகிறது. கரை சேர்ந்தவை ஐந்து கன்றுகள். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். அந்தக் கப்பல் தளத்தில் முளை எழுந்ததைப் பார்த்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பிறந்த மண்ணில் இந்த மரம் இன்று அருகி வருகிறது. வெட்டியதும், காட்டுத்தீயும், மேய்ச்சலும் காரணம். சிலி அரசு 1976இலேயே இதை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துக் காக்கிறது.

கன்றுகள் இப்போது ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக நிற்கின்றன. ஏழு மீட்டர் இடைவெளி விட்டிருக்கிறேன். பார்ப்பவர்களுக்கு வெற்று நிலமாகத்தான் தெரியும். எந்தக் கொட்டை எந்தத் தாய் மரத்திலிருந்து வந்தது, எந்த நாளில் ஊன்றியது, எந்த மேட்டில் நிற்கிறது என்பதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி மகளிடம் கொடுத்திருக்கிறேன். முதல் கூம்பைப் பார்த்து ஆணையும் பெண்ணையும் அவள்தான் அதில் குறிக்க வேண்டியிருக்கும். நீங்கள் பனங்கொட்டைகளை வரிசையாக ஊன்றியபோது உங்களுக்கு என்ன வயது, முதல் பாளை வந்தபோது என்ன வயது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதையும் அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
உங்கள் மகள்