பாரிமுனையோடு திருத்தலங்கள் முடிந்துவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் சென்னையின் பழமையான தேவாலயங்கள் பற்றி வந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை, லஸ் என்று விரிவாக எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. அங்கெல்லாம் நானும் போய் மண்டியிட்டு வந்தவள்தான். ஆனால் கடைசிப் பத்தியில், பழைய திருத்தலங்கள் எல்லாம் தென்சென்னையிலேயே அமைந்துவிட்டதால் யாத்திரிகர்கள் பாரிமுனையைத் தாண்டிப் போகவேண்டிய தேவை இல்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்த பிறகு எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அரண்மனைக்காரத் தெரு அந்தோனியார் கோயில் தங்களுக்குத் தெரியாததல்ல. தங்கள் செய்தியாளர்கள் தினமும் வந்துபோகும் உயர் நீதிமன்றத்திலிருந்து சாலையைக் கடந்தால் வருகிற தெரு அது. புனித மரியன்னை இணைப்பேராலயம் என்பது முறையான பெயர். 1658-இல் கப்புச்சின் சபைத் துறவிகள் நிறுவியது. புனித ஜார்ஜ் கோட்டை எழும்பி 20 ஆண்டுகூட ஆகாத காலம். கோட்டைக்குள் ஆங்கிலேயர் கட்டிய மரியன்னை ஆலயம் 1680-இல்தான் வந்தது. அதைப் பற்றி ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் மெட்ராஸ் தினத்தை ஒட்டிப் படத்தோடு போடுகிறீர்கள். அதைவிட மூத்ததற்கு அரைப் பத்தி இடம் கிடைக்கவில்லை.

அதன் கதையாவது சாதாரணமானதா? அருட்தந்தை எஃப்ரேம் என்கிற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி, பர்மாவில் இருக்கும் பெகுவுக்குப் போகும் வழியில் 1642-இல் இங்கே இறங்கினார். கோட்டையை அண்டி வாழ்ந்த கத்தோலிக்கர்களுக்குச் சாமியார் இல்லை. சாந்தோமிலிருந்த போர்ச்சுக்கீசியப் பாதிரிமார் உள்ளே வந்துபோவதை ஆங்கிலேயர் விரும்பவில்லை. அதனால் இவரையே இருக்கச் சொன்னார்கள். பெகு போகவேண்டியவர் மதராசில் தங்கிவிட்டார். போர்ச்சுக்கீசியருக்கு அது பொறுக்கவில்லை. 1649-இல் சாந்தோமுக்கு வரவழைத்துப் பிடித்து, கோவாவில் இருந்த மத விசாரணை மன்றத்தின் சிறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து விடுபட்டதும் அந்த மனிதர் நேராகத் தன் ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை, மதராசுக்கே திரும்பி வந்தார். சாந்தோமைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவர் கண்ணில் இந்தச் சம்பவம் படாமல் போனது எப்படி?

அதற்குப் பின்னும் கஷ்டகாலம்தான். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராசைப் பிடித்தார்கள். 1749-இல் ஊர் திரும்பக் கைக்கு வந்ததும், பிரெஞ்சுச் சாமியார்கள் எதிரிக்கு உதவினார்கள் என்று ஆங்கிலேயருக்குச் சந்தேகம். கோட்டைக்குள் இருந்த அந்தச் சாமியார்களின் அந்திரேயா ஆலயத்தை இடித்தே போட்டார்கள். அரண்மனைக்காரத் தெருக் கோயில் நின்றது. 1886-இல் பேராயரின் ஆளுகைப் பகுதியாக மதராஸ் உயர்மறைமாவட்டம் உருவானபோது அதன் பேராலயமே, அதாவது தலைமைக் கோயிலே, இதுதான். 1952-இல் மயிலாப்பூர் மறைமாவட்டத்தோடு இணைத்த பிறகுதான் சாந்தோம் முதலாவதாகவும் இது இணைப்பேராலயமாகவும் ஆனது. அன்றைக்குப் பின்னுக்குப் போன பெயர் இன்றைக்குத் தங்கள் இதழில் ஒரேயடியாக மறைந்துவிட்டது.

யாத்திரிகர் வரத் தேவையில்லை என்று எழுதியவர், ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே வந்து நின்றதுண்டா? என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தம்பிக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அம்மா 13 செவ்வாய் வருவதாகப் பொருத்தனை செய்துகொண்டாள். அவன் பிழைத்தான். அம்மா அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தவள், இன்றும் போகிறேன். மெழுகுவர்த்தித் தட்டில் இடமே இருக்காது. ஏற்கெனவே உருகி ஓடிய மெழுகில் தன்னுடையதை அழுத்தி, அது நிமிர்ந்து நிற்கும்வரை விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருப்பார்கள். காசிமேட்டிலிருந்து வருகிற பெண்கள் ஏலம் முடிந்த கையோடு, சேலையில் மீன் செதில் ஒட்டியிருக்க வந்து நிற்பார்கள். பக்கத்தில் சௌகார்பேட்டை மார்வாடி அம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு நிற்பார். மண்ணடி பாய் ஒருவர் மகனுக்காக எழுதிய சீட்டை நாலாக மடித்துச் சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டுப் போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கிற அந்தோனியாருக்கு, வந்தவர் எந்த ஊர், எந்த மதம் என்ற கணக்கு கிடையாது. யாத்திரை என்றால் இதுதானே ஐயா.

இது முதல்முறையாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். முன்பு ஒரு மெட்ராஸ் தினச் சிறப்பிதழில், இந்தப் பேராலயத்தின் பெயரைப் போட்டு அதே தெருவில் இருக்கிற ஆர்மீனியர் தேவாலயத்தின் படத்தை அச்சிட்டீர்கள். 1772-இல் எழுந்த அந்தக் கோயிலும் அருமையானதுதான். ஆறு மணிகள் தொங்கும் தனிக் கோபுரத்தைப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும். அப்போதும் எழுதினேன். வெளியிடவில்லை, திருத்தமும் வரவில்லை. நான் குடியிருக்கும் ராயபுரத்தில் படகுத் தொழிலாளர்கள் தங்கள் பணத்தில் 1829-இல் எழுப்பிய புனித ராயப்பர் கோயில் இருக்கிறது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட நிலையமும் இதே ராயபுரத்தில்தான். இவற்றுக்கெல்லாம் தங்கள் கேமரா வராது. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தபோது மட்டும் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துப் புழுங்க முடியவில்லை. அடையாறில் ஒரு கொலை நடந்தால் தெருப் பெயரோடு முடித்துக்கொள்கிறீர்கள். எங்கள் பக்கம் நடந்தால் மட்டும் தலைப்பிலேயே வடசென்னை என்று வருகிறது. என் மகளுக்கு வரன் பார்த்த காலத்தில், முகவரி கேட்டதும் அப்புறம் பேசுகிறோம் என்று போனை வைத்தவர்கள் உண்டு. அந்தக் குடும்பங்களிலும் தங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள். ஊரின் பெயரைக் கெடுக்க இடம் இருக்கிற பக்கத்தில், அதன் பெருமையைச் சொல்லவும் இடம் இருக்கவேண்டாமா? என் அப்பா எழுத்துக்கூட்டிப் படித்த காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற பத்திரிகை இது என்பதால்தான் இவ்வளவு உரிமையோடு கேட்கிறேன்.

வரும் ஞாயிறு இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். சரியான படத்தோடு போடுங்கள். தினமும் வருகிற ஆன்மிக நிகழ்ச்சிகள் பகுதியில் அரண்மனைக்காரத் தெருக் கோயிலின் செவ்வாய்க்கிழமை நவநாள் வழிபாட்டையும், ஜூன் 13 அந்தோனியார் திருவிழாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வரி போதும். நேரத்தைப் பங்கு அலுவலகத்தில் கேட்டாலே சொல்வார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ராயபுரம், சென்னை-13