ப்ரோலாக் சொல்லும் ‘ஃபால்ஸ்’

குன்னூர்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே ஐப்பசி மழை விடவில்லை. கல்லாறுக்கு மேலே மண் சரிந்ததால் மேட்டுப்பாளையம் ரயில் நின்றிருக்கிறது. ஊட்டிக்கு மட்டும் ஓடுகிறது.

மகள் ப்ரோலாக் தொடங்கியிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். உண்மைகளையும் விதிகளையும் எழுதிவிட்டு, கேள்வி கேட்கும் நிரல்மொழி அது. மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் தடுமாறும் இடங்களைச் சொல்கிறேன், அவளிடம் காட்டு.

பைத்தான் படித்தவர்களுக்கு முதல் இடறல் சமக்குறி. ‘_வ = 2+3’ என்று கேட்டால் 5 வராது, 2+3 என்றே வரும். இரு பக்கமும் பொருந்துமா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. கணக்குப் போட சமக்குறிக்குப் பதில் ‘இஸ்’ (is) என்று எழுத வேண்டும். ப்ரோலாக்கின் ஒரு வடிவமான எஸ்டபிள்யூஐ ப்ரோலாக்கில் தமிழிலேயே எழுதலாம். மாறியின் (variable) பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்துப் போன்ற ஒன்றிலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து இல்லாததால், மாறிக்கு முன்னால் அடிக்கோடு கட்டாயம்.

பிள்ளைகளுக்கு நம் மலை ரயிலையே கொடுத்தேன். அடுத்து(குன்னூர், வெலிங்டன்) என்றால் குன்னூருக்கு அடுத்த நிலையம் வெலிங்டன். இப்படியே பிறகு அரவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி. அதன்மேல் ஒரு விதி. ‘:-’க்கு வலப்பக்கம் உண்மையானால் இடப்பக்கமும் உண்மை என்று படிக்க வேண்டும்:

போகலாம்(_அ, _ஆ) :- அடுத்து(_அ, _ஆ).
போகலாம்(_அ, _ஆ) :- போகலாம்(_அ, _இ), அடுத்து(_இ, _ஆ).

தர்க்கப்படி குறையே இல்லை. ஆனால் ஊட்டியிலிருந்து குன்னூர் போகலாமா என்று கேட்டால் ஸ்டாக் (அழைப்புகளைக் குறித்து வைக்கும் நினைவகம்) நிரம்பும்வரை இரண்டாம் வரி தன்னையே அழைத்துக்கொண்டிருக்கும். இரண்டாம் வரியில் ‘அடுத்து’ முதலில் வர வேண்டும். பொருள் ஒன்றேயானாலும், தேடும் வரிசை வேறு. தர்க்க நிரலாக்க முன்னோடி கோவால்ஸ்கி 1979லேயே லாஜிக்கையும் (என்ன பொருள்) கன்ட்ரோலையும் (எப்படித் தேடுவது) பிரித்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது, ப்ரோலாக் ‘இல்லை’ என்பதற்குச் சொல்லும் ‘ஃபால்ஸ்’ (false). மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகலாமா என்று கேட்டதற்கு அது வந்ததும், “மண் சரிந்தது இதுக்குத் தெரியுமா மிஸ்?” என்றாள் ஒருத்தி. வெயில் காலத்தில் கேட்டாலும் அதே பதில்தான் வரும். அந்தப் பாதையை நாங்கள் எழுதவே இல்லை. எழுதியவற்றைக்கொண்டு நிறுவ முடியவில்லை என்பதற்குமேல் அது எதுவும் சொல்வதில்லை. கணினி அறிஞர் கிளார்க் 1978இல் விளக்கிய எதிர்மறை இதுதான்.

இதனால் ‘\+ போகலாம்(_ஊர், ஊட்டி)’ (‘\+’ என்றால் ‘நிறுவ முடியாது’) என்று கேட்டால், ஊட்டிக்குப் போக முடியாத ஊர்கள் வரிசையாக வரா. போகக்கூடிய ஊர் ஒன்று இருந்தாலே மொத்தமும் ஃபால்ஸ். முதலில் ‘ஊர்(_ஊர்)’ என்று ஊர்களைக் கொடுத்துவிட்டு, அப்புறம் மறுக்க வேண்டும். அதற்கு ஊர்ப் பட்டியலையும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

உன் மகளை ட்ரேஸ் (trace) கட்டளை போட்டு, நிரல் ஓடுவதை ஒவ்வொரு அடியாகப் பார்க்கச் சொல். எங்கே சிக்கினாலும் அந்த நிரலை அப்படியே எனக்கு அனுப்பட்டும்.

அன்புடன்,
மீனா