வோர்ம்ஹோல் இன்னும் ஆப்பிடல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு,

போன ஞாயிறு உங்கட அறிவியல் பக்கத்தில "விண்வெளியில் வோர்ம்ஹோல் சிக்கியது" எண்டு கொட்டை எழுத்தில போட்டிருந்தீங்க, உள்ளுக்கு வாசிச்சா தேடுறாங்க எண்டுதான் கிடக்கு. வோர்ம்ஹோல் எண்டா விண்வெளியில தூரத் தூர உள்ள ரெண்டு இடத்த இணைக்கிற சுரங்கம் மாதிரி, இன்னும் கணக்கில மட்டும்தான் இரிக்கி. கல்லடியில என்னட்ட டியூஷனுக்கு வாற பொடியன் ஒருத்தன் அத வெட்டி கொப்பியில ஒட்டிக்கொண்டு வந்து நிக்கிறான், "சேர் கண்டுபுடிச்சிட்டாங்களாம்" எண்டு.

அண்டைக்குப் பாடம் போச்சு. வீட்டில கால் உடைஞ்ச கண்ணாடி ஐஸ்கிரீம் கப் ஒண்டு கிடந்த (மனிசி எறியச் சொல்லி ஒரு மாசம்), அதுட அடித்தட்டால கொப்பியில போட்ட புள்ளியக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சுப் பாக்கச் சொன்னன். நேரா வச்சா புள்ளி வட்டமாகுது, சரிச்சா ரெண்டாப் பிரியுது. பாரமான பொருளிட ஈர்ப்பும் பின்னால இருந்து வாற வெளிச்சத்த இப்பிடித்தான் வளைக்கும், 1979ல ஒரே குவேசார் (கன தூரத்தில பிரகாசமா எரியிற கலக்சி நடு) ரெண்டாத் தெரிஞ்சது இதாலதான்.

நட்சத்திரம் அளவு பொருள் ஒண்டு குறுக்கால போனா பிரியிறது கண்ணுக்கு எடுபடாது, பின்னால உள்ள நட்சத்திரத்திட வெளிச்சம் மட்டும் மெல்ல ஏறி அதே மாதிரி இறங்கும், கிராப்பில ஒரு மேடு. நெகடிவ் மாஸ் (பூச்சியத்துக்கும் குறைஞ்ச திணிவு) உள்ள வோர்ம்ஹோல் எண்டா வெளிச்சத்த இழுக்காம தள்ளும், அதால நடுவுல இருட்டு, ரெண்டு பக்கமும் கூரா ரெண்டு உச்சம் வரோணும் எண்டு 1995லயே கணக்குப் போட்டு எழுதிட்டாங்க. அந்த அடையாளம் இன்னும் ஆப்பிடல்ல ஐயா.

ஆப்பிட்டது வேற. 2011ல ஒரு நட்சத்திரம் இப்பிடி ஏறி இறங்கினத சிலியில இருந்தும் நியூசிலாந்தில இருந்தும் பாத்து, மறுகா ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியால வருசக்கணக்கா அளந்து, 2022லதான் அது சூரியனப்போல ஏழு மடங்கு பாரமான தனிக் கருந்துளை எண்டாங்க. நீங்க அதப் போட்டிருக்கலாம்!

அவசரப்பட்டா என்ன நடக்கும் எண்டதுக்கும் கதை இரிக்கி. 2003ல ஒரே மாதிரி ரெண்டு கலக்சி பக்கத்துப் பக்கத்தில தெரிய, நடுவால காஸ்மிக் ஸ்ட்ரிங் (இருக்கலாம் எண்டு சொல்ற, மெல்லிசான பாரமான இழை) போய் ஒரே கலக்சிய ரெண்டாக் காட்டுதோ எண்டு பெரிய எதிர்பார்ப்பு. 2006ல ஹபிள் பாத்தா அது சும்மா ரெண்டு வேற வேற கலக்சி. ஆனா பாருங்க, அவங்க "இருக்கலாம்" எண்டுதான் எழுதினவங்க, "சிக்கியது" எண்டு எழுதல்ல.

ஒரு சின்னத் திருத்தம் போடுங்க. பொடியன்ட கொப்பியில அத ஒட்டவும் இடம் விட்டு வச்சிருக்கன்.

டியூஷன் சேர் ஒருத்தர்,
கல்லடி, மட்டக்களப்பு.