துத்தநாகத்துக்கு ஒரு வரி விடை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த பிளஸ் டூ வேதியியல் வினா-விடையைப் பார்த்தேன். துத்தநாக ஆக்சைடிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது எப்படி என்ற கேள்விக்கு, கரியுடன் சேர்த்துச் சூடாக்க வேண்டும் என்று ஒரே வரியில் விடை. மதிப்பெண் கிடைத்துவிடும், சரி. ஆனால் விஷயமே அதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

இரும்பு உருகி உலையின் அடியில் தங்கிவிடும். துத்தநாகம் தங்காது. கரி அதன் ஆக்சிஜனைப் பறிக்க ஆயிரம் டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே அது ஆவியாகத்தான் வெளியே வரும். காற்று பட்டால் உடனே எரிந்து மறுபடி ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி! துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை வெல்டிங் செய்யும்போது குபுகுபுவென்று வெள்ளைப் புகை வருமே, அதில் இருப்பது இந்தப் பொடிதான். அந்தப் புகையைச் சுவாசித்துவிட்டு இரவில் குளிர்காய்ச்சலில் படுத்த வெல்டர்களை எனக்குத் தெரியும். அவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்கினால் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

பிடிக்க முடியாத இந்த ஆவியைப் பிடித்துக் காட்டியவர்கள், ராஜஸ்தானில் உதய்ப்பூருக்குத் தெற்கே உள்ள ஜாவரின் பழைய உலைக்காரர்கள். வறுத்த தாதுவைக் கரிப்பொருளோடு சேர்த்து உருண்டை பிடித்தார்கள். மூசை எனப்படும் கத்தரிக்காய் வடிவ மண்கலத்தில் அதை அடைத்து, வாயில் களிமண் குழாயைப் பொருத்தி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்கள். உருண்டைகள் கொட்டிவிடாமலிருக்க நடுவில் ஒரு குச்சி. சூட்டில் குச்சி எரிந்துபோனதும் அந்த இடைவெளியே ஆவி இறங்கும் வழியாகிவிடும். என்ன யோசனை பாருங்கள்! ஓர் உலையில் 36 மூசைகள். மேல் அறையில் நெருப்பு, துளையிட்ட தட்டுக்குக் கீழே சூடு குறைந்த அறை. மூசைக்குள் கார்பன் மோனாக்சைடு நிறைந்திருப்பதால் காற்று உள்ளே புகாது. ஆவி குழாய் வழியே இறங்கிக் குளிர்ந்து துத்தநாகமாகச் சொட்டும்.

உதய்ப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது ஜாவரையும் பார்த்தேன். பயன்படுத்தி முடித்த மூசைகளையே அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அவற்றின் வெளிப்புறம் நெருப்பில் இளகிக் கண்ணாடி போல் இறுகிக் கிடக்கிறது. இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் 1738இல் துத்தநாகம் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் கையாண்டதும் ஆவியைக் கீழ்நோக்கி வடிக்கும் முறைதான். ஜாவர் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது.

இன்று பெரும்பாலும் ஆக்சைடைக் கந்தக அமிலத்தில் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி, அலுமினியத் தகட்டில் படியும் துத்தநாகத்தை உரித்தெடுக்கிறார்கள். அதுவும் மாணவர்களுக்குத் தெரிய வேண்டியதே.

அடுத்த முறை வினா-விடை வெளியிடும்போது ஜாவர் உலையின் குறுக்குவெட்டுப் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். பக்கத்திலேயே, 'மூசையை ஏன் கவிழ்த்து வைத்தார்கள்?' என்று ஒரு கேள்வியும் கேளுங்கள்.

— ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை, விருதுநகர்